நாலாவது நடைமேடை காலி

நாலாவது நடைமேடையின் பதிவேட்டில் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் புறப்பட்ட நேரம் எழுதப்படவில்லை.

நிலைய அதிகாரி அதை அன்று சாயங்காலம்தான் கவனித்தாள். பழைய நிலையத்துக்கு அது கடைசி நாள். மேசை, நாற்காலி, சுவர்க் கடிகாரம் எல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டன. கூட வேலை பார்த்தவர்களும் போய்விட்டார்கள். புதுச் சுவரில் பதிக்க நிலையத்தின் வரலாற்றை எழுதித் தரும் வேலையை மட்டும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். இவளுக்கு வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கு நினைப்பு. அது உண்மை என்பதால் இன்னும் வலித்தது. ஆனால் இன்றைக்குச் சாயங்கால பாசஞ்சரில் விடுதியிலிருந்து மகள் வருகிறாள், மூன்று மாதத்துக்குப் பிறகு.

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். நாற்பத்தேழு வருடத்துக்கு முன்பு, மாலை ஐந்து நாற்பதுக்கு, நாலில் ஒரு பாசஞ்சர் வந்து நின்றிருக்கிறது. அதற்கப்புறம் தினமும், வெவ்வேறு கையெழுத்தில், ஒரே வரி: 'நாலில் வண்டி நிற்கிறது.' கடைசி ஆறு வருடமும் அவள் கையெழுத்து. பொறுப்பை ஒப்படைத்தவர் அன்றே சொல்லியிருந்தார்: "எழுதிட்டே இருங்கம்மா. யாரு கேட்டாலும் காலின்னு மட்டும் சொல்லிடாதீங்க." வெறும் தண்டவாளத்தைப் பார்த்தபடி அவளும் எழுதி வந்தாள். ஆபீஸ் வழக்கத்துக்கு யார் காரணம் கேட்கிறார்கள்!

தொலைபேசி அடித்தது. சிக்னல் கேபினிலிருந்து.

"மேடம், மத்த மூணு லைனையும் பிரிச்சாச்சு. சாயங்கால பாசஞ்சர் வெளியில நிக்குது. நாலு காலியா?"

ஜன்னல் வழியே பார்த்தாள். துருப்பிடித்த தண்டவாளம், முழங்கால் உயரப் புல், மஞ்சள் வெயில். வண்டிக்குள் பிள்ளை புழுங்கிக்கொண்டிருப்பாள்.

"காலி" என்றாள்.

போனை வைத்ததும் நிலக்கரிப் புகை நாறியது. இந்தப் பாதையில் நிலக்கரி வண்டி ஓடி எத்தனையோ வருடமாயிற்று. வெளியே வந்தாள். நாலாவது நடைமேடையின் ஓரத்தில் அனல் அடித்தது, பக்கத்தில் பெரிதாக எதுவோ நின்று மூச்சு விடுவது போல. காற்றே இல்லை, ஆனாலும் புல் மொத்தமாக ஒரே பக்கம் சாய்ந்தது. கொடியைத் தேடினாள். சிவப்புக் கொடி புதுக் கட்டடத்துக்குப் போயிருந்தது.

வண்டி வந்துவிட்டது.

கையை ஆட்டினாள். கத்தினாள். வண்டி மெதுவாக உள்ளே வந்தது. மோதவில்லை. எதுவும் உடையவில்லை. நின்றது.

கதவுகள் திறந்திருந்தன. ஒருவரும் இறங்கவில்லை.

மூன்றாவது பெட்டி. ஜன்னலோரம் மகள். ஓடினாள்.

"இறங்குடி கண்ணு. சீக்கிரம்."

"முடியலம்மா." மகளின் உதடு அசைந்தது. அதற்குள்ளேயே இன்னொரு உதடும் அசைந்தது, நரைத்த மீசைக்குக் கீழே. "என் எடத்துல யாரோ உக்காந்திருக்காங்க."

ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை. ஒவ்வொரு தலையிலும் இரண்டு முகம்.

கம்பிக்கு வெளியே நீண்ட பிஞ்சுக் கையைப் பிடித்தாள். அந்தக் கைக்குள்ளிருந்து ஒரு கிழட்டுக் கையும் அவளை இறுகப் பிடித்துக்கொண்டது.

வண்டியின் கடைசியில், ஒரே நேரத்தில், இரண்டு கார்டுகள் விசில் ஊதினார்கள்.