ஐலிஃப் திருப்பி வைக்காத கோப்புகள்

ஃபியோர்டு என்னும் கடல் இடுக்கின் ஓரச் சாலையில் கார் வழுக்கியபோது யோருன் பெரிதாகப் பயப்படவில்லை. பனிக்காலத்தில் அங்கே வழுக்காத கார் உண்டா? ஒரு சுற்றுச் சுற்றி, தடுப்புக் கம்பி இல்லாத விளிம்பில், யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் நின்றது. காருக்குள் லேசாகச் சோம்பு வாசனை. உருண்டு விழுந்த ஆரஞ்சுப் பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

சூரியன் எட்டிப் பார்க்காத மாதம் அது. நண்பகலிலும் ஜன்னலுக்கு வெளியே மை இருட்டு.

முதலில் மாடி வார்டுக்குப் போனாள். அங்கே அவள் அப்பா டோர்கில் இதய நோயோடு படுத்திருந்தார். வாய் மட்டும் படுக்கவில்லை.

"இன்னும் ஆரஞ்சுத் தோலைப் பாக்கெட்ல போட்டுக்கற பழக்கம் போகலையா? நீ வர்றது எனக்கு லிஃப்ட்லயே மணக்குது."

இந்த வாரம் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னதை அவள் அவரிடம் சொல்லவில்லை. அவரை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

அவளுக்கு வேலை அதே ஆஸ்பத்திரியின் நிலவறையில். வார்டில் நர்ஸுகள் கையில் இருக்கும் புது மென்பொருளுக்கும் கீழே இருக்கும் பழைய ஆவணக் களஞ்சியத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இரண்டுக்கும் நடுவே வெப் சர்வீஸ் என்ற இணைப்பு நிரல் ஒன்றை உட்கார வைத்துப் பேசவைக்க வேண்டும். மேலே நோயாளியின் பெயரைத் தொட்டால் கீழிருந்து கோப்பு போகும். நோயாளி இறந்தால் மேலிருந்து சேதி வந்து கோப்பு மூடப்படும்.

களஞ்சியத்தைக் காலமெல்லாம் கட்டிக் காத்தவர் ஐலிஃப். எந்நேரமும் வாயில் சோம்பு மிட்டாய். போன வசந்தத்தில் அந்த அறையிலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தார். நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.

இணைப்பு சொன்னபடி கேட்டது. சில கோப்புகள் மட்டும் வர மறுத்தன. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: 'ஐலிஃப் எடுத்திருக்கிறார்.' களஞ்சியத்தின் வழக்கம் அது. எடுத்தவர் திருப்பி வைக்கும்வரை அந்தக் கோப்பை வேறு யாரும் திருத்த முடியாது, மூடவும் முடியாது.

கணினிப் பிரிவுத் தலைவி பெந்தேவுக்குப் போன் செய்தாள்.

"செத்தவரா வந்து திருப்பி வைக்கப் போறாரு? உடைச்சு விடு" என்றாள் பெந்தே.

இதில் தயங்க ஒன்றுமில்லை. ஆள் போன பிறகு கிடக்கும் பூட்டுகளை யோருன் எத்தனையோ ஆபீஸில் குப்பை கூட்டுவதுபோல் கூட்டித் தள்ளியிருக்கிறாள். ஒன்றை உடைத்தாள்.

பின்னால் நாற்காலி முனகியது.

சற்று நேரத்தில் மேலிருந்து சேதி இறங்கியது: 'கோப்பை மூடவும்.' இணைப்பு அழகாக வேலை செய்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. இன்னொன்றை உடைத்தாள்.

'கோப்பை மூடவும்.'

சோம்பு வாசனை அறையை நிறைத்தது. வார்டுக்குப் போன் செய்தாள். நர்ஸ் அழுதுகொண்டிருந்தாள். அந்த இரண்டு கோப்புகளுக்கு உரிய நோயாளிகளும் அப்போதுதான், அடுத்தடுத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்களாம்.

அடுத்து நின்ற பெயர் டோர்கில்.

யோருனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஐலிஃப் கோப்புகளை மறந்துவிட்டுப் போகவில்லை. மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தச் சொல்லிப் பெந்தேயிடம் கெஞ்சினாள். பெந்தே சிரித்தாள். இனி நிறுத்த முடியாது, மாலையில் புதிய அமைப்புக்கு மாறும்போது ஐலிஃப் கணக்கே அழிந்துவிடும், அவர் பூட்டெல்லாம் தானாக விழும், வேலையில் இருப்பவர்கள் பெயரில் இருப்பவை மட்டும் நிற்கும் என்றாள்.

அப்பாவின் கோப்பைத் தன் பெயரில் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் அவர் விட வேண்டும். இடையில் ஒரு கணம் அப்பா யார் கையிலும் இருக்கமாட்டார். அந்த ஒரு கணத்துக்குக்கூட அவளுக்குத் துணிவில்லை.

காலி நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஐலிஃப்... அவரை என்கிட்ட குடுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் விசையைத் தொடவே இல்லை. திரையில் எழுத்து மாறியது: 'யோருன் எடுத்திருக்கிறாள்.'

நன்றி சொல்லி அழுதாள். அப்புறம்தான் பார்த்தாள். ஐலிஃப் பெயரில் இன்னும் ஒரே ஒரு கோப்பு மிச்சம் இருந்தது. அதை எடுத்தது இன்று காலை. அவள் கார் விளிம்பில் நின்ற நேரம்.

கோப்பின் மேல் அவள் பெயர்.

அதையும் கேட்க வாய் திறந்தாள். அதற்குள் அமைப்பு மாறத் தொடங்கிவிட்டது.

பெந்தே கீழே வந்தபோது யோருன் ஐலிஃபின் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. கையில் பாதி உரித்த ஆரஞ்சு. தலைமுடியிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மகளைப் புதைத்துவிட்டு டோர்கில் நடந்தே வீடு போனார். இன்னும் இருக்கிறார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கிண்டல் செய்ததில்லை. தனக்கு மட்டும் சாவு ஏன் வரமாட்டேன் என்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார். அவர் கோப்பின் மேல் இருக்கும் யோருன் பூட்டை உடைக்கும்படி மேலிடம் இருமுறை சொல்லிவிட்டது. பெந்தே மறுத்துவிட்டாள்.

நேற்று பெந்தேவுக்கு நெஞ்சில் ஏதோ பிசைந்தது. வார்டில் படுக்கவைத்து நர்ஸ் அவள் பெயரைத் தொட்டாள். கோப்பு வரவில்லை.

'யோருன் எடுத்திருக்கிறாள்.'

"இது யாரு? நான் உடைச்சு விடட்டுமா?" என்று கேட்டாள் புது நர்ஸ்.

பெந்தே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூடியிருந்த லிஃப்ட் கதவின் பக்கமிருந்து ஆரஞ்சுத் தோல் வாசனை வந்துகொண்டிருந்தது.