தீனி போடாத இரண்டு நாள்

"ஒரு வேலையில ஒழுங்கா நிக்கத் தெரியாதவளுக்கு மறுபடியும் வேலை ஒரு கேடா?"

காலை ஏழரை மணிக்கே மாமியார் ஆரம்பித்துவிட்டாள். மருமகள் பேனாவைத் தேடி எடுத்தாள். ஆறு வருடமாக இதையே கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப் போயிருந்தது.

சாப்பாட்டு மேசையில் விண்ணப்பப் படிவம் கிடந்தது. ஸ்டெம் செல் ஆய்வகத்தில் ஓர் இடம் காலி. பத்து மணிக்கு நேர்காணல். ஒரு காலத்தில் அங்கே அவள்தான் கைராசிக்காரி. அந்தச் செல்களை வளர்ப்பது கைக்குழந்தையை வளர்ப்பது மாதிரி. தினமும் பழைய சத்துநீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். ஞாயிறு, விடுமுறை என்ற பேச்சே கிடையாது. அங்கேயே வேலை பார்த்த கணவனும் அவளும் முறை வைத்துத் தீனி போட்டார்கள். ஒருமுறை இரண்டு நாள் யாருமே போடவில்லை. மூன்று வருட உழைப்பு பாழாய்ப் போனது. யார் முறை என்று ஆய்வகத் தலைவி கேட்டபோது, "என்னுடையது" என்றாள் அவள். அத்தோடு வேலை போயிற்று.

'முந்தைய வேலையை விட்டதற்குக் காரணம்?' பேனா அந்தக் கேள்வியிலேயே நின்றது.

"கவனக்குறைவுன்னு எழுதிடு," என்றான் கணவன், செல்போனிலிருந்து தலையை எடுக்காமலே. "நேர்மையா இருந்தா மதிப்பாங்க."

நேர்மையைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா!

"தப்பு நடந்த தேதியும் கேக்கறாங்க," என்றாள் சோர்வாக. "ஜூன் பன்னெண்டு, பதிமூணு... சனி, ஞாயிறு."

மாமியார் கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டாள்.

"என்ன சொன்னே? பன்னெண்டாந்தேதிதானே எனக்கு இடுப்புல ஆபரேஷன்!"

"விடுங்க அத்தை..."

"எப்படி விடறது? ரெண்டு நாளும் என் கட்டில் பக்கத்துல நாற்காலியிலதானே கெடந்தே? போன்ல சொன்னியே... 'இன்னைக்கு உங்க முறை, மறந்துடாதீங்க'ன்னு! அரை மயக்கத்துலயும் என் காதுல விழுந்துச்சு. யார்கிட்ட சொன்னே?"

கணவன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

"டேய்... உன்னைத்தான்டா கேக்கறேன்!"

"முதல் நாள் தூங்கிட்டேன்மா... மறுநாள் மறந்தே போச்சு. எனக்கு வேலை நிரந்தரமாகிற நேரம். அவதான் 'நான் ஏத்துக்கறேன்'னு..."

"அவ ஏத்துக்கிட்டா! நான் ஆறு வருஷமா அவளைக் கரிச்சுக் கொட்டினதைக் கேட்டுக்கிட்டே நீ சோறு தின்னியாடா, பாவி!"

மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா...?"

"நடக்க முடியாம கெடந்தீங்க அத்தை. பெத்த பிள்ளை லட்சணமும் தெரிஞ்சா ஒடிஞ்சு போயிருப்பீங்க."

உண்மை வெளிவரும் நாளில் வயிறு குளிரும் என்று அவள் எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். இப்போது எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

கணவன் பேனாவை எடுத்தான். படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். 'தவறு என்னுடையது. என் மனைவி எனக்காகப் பழியை ஏற்றாள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். இனி அவன் வேலை நிலைக்குமோ என்னவோ! அவள் அதைத் தடுக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் தடுத்ததே போதும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, படிவத்தைப் பையில் வைத்து, வாசலில் செருப்பை மாட்டினாள்.

"அத்தைக்கு ஒன்பது மணிக்கு மாத்திரை. பதினோரு மணிக்குப் பால். கையைப் பிடிச்சு நடக்க வைக்கணும்," என்றாள் திரும்பிப் பார்க்காமலே. "இன்னைக்கு உங்க முறை. மறந்துடாதீங்க."