மூக்கில் வைத்த சாக்கெட்

"மூக்கை உடைச்சுட்டா மாமா."

"யாரோட மூக்கை?"

"காரோட மூக்கை. சுத்தியலால அடிச்சிருக்கா. பதினோரு மணிக்கு டைரக்டர்ங்க எல்லாம் வர்றாங்க. இன்னைக்குப் பார்த்து!"

"உடைச்சதை நீ பார்த்தியா?"

"பார்க்கணுமா என்ன? டீச்சரை விட்டா வேற யாரு செய்வா?"

காலை ஏழரை. பட்டறையின் பெரிய ஷட்டருக்கு முன்னால் இருவரும் நின்றிருந்தார்கள். கேள்வி கேட்டவர் அந்தக் கார் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. போலீஸில் இருபது வருஷம் ஓடி, முழங்கால் போய், வீட்டில் உட்கார்ந்திருந்தவர். பதில் சொன்னவன் தலைமை டிசைனர். அவர் மனைவியின் தம்பி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். அதை ஒருநாளும் அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே காட்டத் தெரிந்தவன்.

உள்ளே அந்த மின்சாரக் கார் நின்றது. இன்னும் பெயர்கூட வைக்காத முன்மாதிரி வண்டி. முன்பக்கம், நட்டநடு மூக்கில், சார்ஜ் ஏற்றும் சாக்கெட். அதன் மூடி, குத்து வாங்கியவனின் உதடு மாதிரிப் பிளந்து தொங்கியது. சாக்கெட்டின் பிளாஸ்டிக் நொறுங்கிக் கிடந்தது. கீழே பட்டறைச் சுத்தியல். எதிர்ச் சுவரில் சார்ஜர். அதன் கொக்கியில், வயர் அழகாகச் சுருட்டப்பட்டு, கன் தொங்கியது. பெட்ரோல் பங்க்கில் பிடிக்கிற மாதிரியான அந்தக் கைப்பிடியைப் பட்டறையில் எல்லாரும் கன் என்றுதான் சொல்வார்கள்.

டிசைனர் வண்டியை ஆன் செய்து காட்டினான். "ஓடும் மாமா. ஒரு குறையும் இல்ல. ஆனா சார்ஜ் ஏத்த முடியாது."

ஸ்டீயரிங்குக்கு எதிரே இருந்த திரையில் பேட்டரிக் கோடு பாதிவரை பச்சையாக இருந்தது.

அதிகாரிக்கு நேற்றைய மாலை ஞாபகம் வந்தது. ஆறு மணிக்குச் சுற்றி வரும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கன் மாட்டியிருந்தது, மூக்கில் ஒரு நீல விளக்கு நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குழந்தை பால் குடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு அப்படியே போய்விட்டார்.

"நீ எத்தனை மணிக்கு இங்கிருந்து கிளம்பினே?"

"ஏழு. அப்புறம் ஒன்பது வரை மாடியில, என் அறையிலதான் இருந்தேன். பட்டறைக் கதவுல, உள்ளே வர்றவங்களோட கார்டு பதிவு இருக்குமே, பாருங்க. எனக்கு அப்புறம் ஒரே ஒரு கார்டுதான்."

பார்த்தார். அவன் சொன்னது சரிதான். அந்த ஒரு கார்டு டீச்சருடையது.

டீச்சர் என்றால் பாடம் நடத்துகிறவள் அல்ல, எஞ்சினியர். எதையும் மூன்று தடவை விளக்குவாள் என்பதால் வந்த பெயர். சார்ஜ் சாக்கெட் எங்கே இருக்கவேண்டும் என்பதில் அவளுக்கும் டிசைனருக்கும் மாதக்கணக்கில் சண்டை. மூக்கில் வைத்தால் சார்ஜர் இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் வயர் எட்டும் என்பது அவன் கட்சி. மோதினால் முதலில் போவது மூக்குதான், பழைய பெட்ரோல் மூடி மாதிரிப் பின்பக்கத்து ஓரத்தில் வைப்போம் என்பது அவள் கட்சி. இன்றைக்கு டைரக்டர்கள் வந்து முடிவு சொல்லவேண்டும்.

எட்டரைக்கு மேனேஜர் அறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். வேலைநீக்கக் கடிதம் மேசைமேல் தயாராக இருந்தது. மேனேஜர் அதற்குப் பேப்பர் வெயிட்கூட வைத்துவிட்டிருந்தார்.

"ராத்திரி எட்டேகாலுக்குப் பட்டறைக்கு வந்திருக்கீங்க," என்றார் அதிகாரி.

"கண்ணாடியை மறந்துட்டேன். கதவோரத்து மேசையில இருந்துச்சு. எடுத்துட்டுப் போயிட்டேன்."

"கார் எப்படி இருந்துச்சு?"

"கண்ணாடி மேசையில இருக்கு சார், மூஞ்சியில இல்ல. லைட்டும் போடல. அங்க நின்னது காரா கழுதையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த மூக்கை ஒருநாள் நானே உடைக்கிறேன்னு கேண்டீன்ல சொன்னீங்களாமே."

"சொன்னேன். அதுக்கு முன்னாடி அவர், பின்பக்கத்தையே கட்டிக்கிட்டு அழுன்னு சொன்னார். அதை யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

"கார் சாவி உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கிறது ஒரே சாவி. அது அவர் பாக்கெட்டை விட்டு இறங்காது." அவள் பார்வை கடிதத்தின் பக்கம் போனது. "சார், வண்டியை உடைச்சவள்னு பேர் வந்துட்டா எந்தக் கம்பெனியும் என்னை வாசல்லகூட நிக்கவிடாது. எனக்கு வேற தொழில் தெரியாது."

வெளியே வந்தபோது மனைவியின் போன். "தம்பி அழாத குறையாப் பேசறான். அந்தப் பொம்பளையைச் சீக்கிரம் அனுப்பி வைங்க."

"சரி."

"சும்மா சரி சரிங்காதீங்க."

அவர் பட்டறைக்குப் போய், முழங்கால் கெஞ்சக் கெஞ்சக் குனிந்து, பிளந்த மூடியின் அடி விளிம்பை நகத்தால் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் ஏதோ தூள். பிறகு ஊழியர் பார்க்கிங் பக்கம் நடந்தார். வரும்போது அவர் முகம் செத்துப்போயிருந்தது.

பத்தரை மணி. மேனேஜர், டிசைனர், டீச்சர் மூவரையும் காருக்குப் பக்கத்தில் வரச்சொன்னார்.

"உடைஞ்சதைத்தான் எல்லாரும் பார்த்தோம். உடையாததை யாரும் பார்க்கல." கொக்கியிலிருந்து கன்னை எடுத்துக் காட்டினார். "ஆறு மணிக்கு இது வண்டிக்குள்ள மாட்டியிருந்துச்சு. நானே பார்த்தேன். வண்டியைப் பூட்டினா இதுவும் சேர்ந்து பூட்டிக்கும், சாவி இல்லாம உருவ முடியாது. சரிதானே மாப்பிள்ளை?"

"சரிதான்."

"சாவி இல்லாத டீச்சர் சுத்தியலை எடுத்திருந்தா, கன்னோட சேர்த்துத்தான் அடிச்சிருக்கணும். இதுல ஒரு கீறல் இல்ல. வயரைச் சுருட்டி ஒழுங்கா மாட்டிட்டு வேற போயிருக்காங்க. கோபத்துல வந்தவங்க செய்யற வேலையா இது?"

"சார்ஜ் ஏறி முடிஞ்சுது மாமா. ஏழு மணிக்கு நான்தான் கழட்டி மாட்டினேன்."

"முடிஞ்சுதா? பாதிதானே ஏறியிருக்கு. மறுநாள் டைரக்டர்ங்க ஓட்டப்போற வண்டியை அரைவயித்துல எழுப்பினது எதுக்கு? நீ ஓட்டிட்டுப் போகத்தானே?"

டிசைனரின் கை, சாவி இருந்த பாக்கெட்டை மூடிக்கொண்டது.

"ஷட்டருக்குக் கார்டு வேணாம், உள்ளே இருக்கிற பட்டன் போதும். அந்த வழியா வெளிய எடுத்துட்டுப் போனே, திரும்பி வரக் குனிஞ்சு நுழையற அளவுக்கு ஷட்டரைத் திறந்தே விட்டிருந்தே. டீச்சர் வந்தப்போ இங்க காரும் இல்ல, கழுதையும் இல்ல. பார்க்கிங்ல தொடை உயரத்துக்குச் சிமெண்ட் கட்டை வரிசையா இருக்கு. ஒண்ணுல இந்த வண்டியோட வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருக்கு. மூடிக்கு அடியில அந்தச் சிமெண்ட் தூள் இருக்கு. திரும்பி வந்து கன்னை மாட்டப் பார்த்திருக்கே, உள்ளே போகல. கட்டையில மோதி உடைஞ்சதுன்னு தெரிஞ்சா டீச்சர் சொன்னதுதான் சரின்னு ஆயிடும். அப்புறம்தான் சுத்தியலை எடுத்தே."

டிசைனர் உடைந்த மூடியைப் பார்த்தபடி பேசினான். "ஒரு போட்டோ மாமா. டைரக்டர்ங்களுக்குக் காட்ட, பார்க்கிங் லைட்டுக்குக் கீழ ஒரே ஒரு போட்டோ. மெதுவாத்தான் வந்தேன். நடக்கிற வேகம்."

"நடக்கிற வேகமா?" என்றாள் டீச்சர். ஜெயித்தவள் குரல் அல்ல அது. பயந்தவள் குரல்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, தெளிவாயிடுச்சு. டீச்சர், கடிதத்தைக் கிழிச்சுடறேன், நீங்க போய் வேலையைப் பாருங்க. ரிப்போர்ட்ல அடையாளம் தெரியாத ஆள்னு எழுதிடுங்க சார். சாக்கெட் மூக்குலதான்னு முடிவாகி, தொழிற்சாலைக்கு அச்சு வெட்டக் கொடுத்தே ரெண்டு மாசமாச்சு. இன்னைக்குக் கூட்டம் சும்மா சம்பிரதாயம்தான்."

"அப்போ எதுக்கு எங்களை மோதவிட்டீங்க?" என்று கேட்டாள் அவள்.

"எல்லார் கருத்தையும் கேட்டோம்னு இருக்கணும்ல?"

டிசைனர் தலையைத் தூக்கவில்லை. அவனுக்கும் இது புதுச் செய்தி என்பது அவன் கழுத்திலேயே தெரிந்தது. தோற்றிருக்கவே முடியாத ஒரு பந்தயத்துக்காகச் சுத்தியலைத் தூக்கியிருக்கிறான்.

அதிகாரி தன் அறைக்குப் போய் ரிப்போர்ட் தாளை எடுத்து வைத்தார். தேதியை எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை. போனில் மனைவியின் பெயர் எரிந்து அணைந்தது, மறுபடி எரிந்தது. கீழே டைரக்டர்களின் கார்கள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

கதவைத் தட்டாமலே டீச்சர் உள்ளே வந்தாள்.

"நன்றி சொல்லணும்னுதான் வந்தேன். வாய்ல வரமாட்டேங்குது."

"வேணாம்மா."

"நீங்க எழுதறதுல அவர் பேர் வேணாம் சார். சுத்தியலும் வேணாம். நீங்க வீட்டுக்குப் போய்த்தானே சாப்பிடணும், எனக்குப் புரியுது." அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா இந்த வண்டியை ஆயிரக்கணக்கான பேர் வாங்குவாங்க. நடக்கிற வேகத்துல ஒரு கட்டையில பட்டதுக்கே அந்தச் சாக்கெட் நொறுங்கிப்போச்சு. அந்த ஒரு வரியை மட்டும் எழுதுங்க சார்."