பூட்டிய இழுப்பறையில் ஒரு பள்ளம்

தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. ஆனால் உரிமையோடு அப்படிக் கூப்பிடத் தகுந்தவன் அவள் கணவனின் தம்பி ஒருவன்தான். துப்பறியும் வேலையில் அவளுக்குத் துணையும் அவனே. வயது முப்பத்தெட்டு. வீட்டில் அவனுக்கு அவசரம் என்று பட்டப்பெயர். ஏன் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அன்று காலை ஒரு பெண் உள்ளே வந்ததும், அவளை உட்காரச் சொல்வதற்கு முன்பே அவன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டான்.

வந்தவள் ஒரு பதிப்பகத்தில் படக்காப்பாளர். உலகத்திலுள்ள விசித்திரக் கட்டடங்களை வானத்திலிருந்து எடுத்த படங்கள் அங்கே பெரிய புத்தகமாகிக்கொண்டிருந்தன. நட்சத்திரம் போல ஒரு கோட்டை, மீன் வடிவத்தில் ஒரு நூலகம், பாலைவனத்தில் சுற்றிச் சுற்றி மேலேறும் பாதையோடு ஒரு வட்ட மண்மேடு. சின்ன விமானத்தின் கதவைக் கழற்றிவிட்டுத் தொங்கியபடி அவற்றை எடுத்தவன் அவளுடைய சொந்த அண்ணன்.

அச்சுக்கு முன் சரிபார்க்கும் ப்ரூஃப் தாள் வந்த அன்று அவன் பார்த்தால், மண்மேடு இருக்க வேண்டிய பக்கத்தில் ஒரு பள்ளம். பாதை சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குகிறது. அவள் பதறிப்போய் இழுப்பறையைத் திறந்து, மூலப்படத்தை எடுத்து ப்ரூஃபின் பக்கத்தில் பொருத்தி வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் அதே பள்ளம். அதன் பின்பக்கம் அண்ணனின் கையெழுத்தில் எண், தேதி, வடக்கைக் காட்டும் சின்ன அம்புக்குறி எல்லாம் இருந்தன. அதெல்லாம் போலி என்றான் அவன். இழுப்பறைக்குச் சாவி ஒன்றே ஒன்று, அது அவளிடம். ஆகவே நல்ல படத்தைத் தொலைத்துவிட்டு வேறெதையோ வைத்துச் சமாளிக்கிறாள் என்று முடிவுகட்டி, நான்கு நாளாக அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று மாலை ஆறு மணிக்குப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் படம் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுப் போகலாம் என்று பதிப்பாளரும் சொல்லிவிட்டார்.

"வேலை போனா வேற தேடிக்கலாம்," என்றாள். "அவன் என்னைத் திருடி மாதிரி பாக்குறான் அண்ணி. அதைத்தான் தாங்க முடியல."

மூன்று பேரும் பதிப்பகத்துக்குப் போனார்கள். அவசரம் லென்ஸும் கையுமாக அரைமணி நேரம் உட்கார்ந்து, பின்பக்கத்து எழுத்தை அண்ணனின் பழைய குறிப்புகளோடு ஒப்பிட்டான். அதே கைதான், சந்தேகமில்லை. இது அவனுக்குப் பெருத்த ஏமாற்றம்.

அண்ணியோ சுவரில் குத்தியிருந்த ப்ரூஃப்களை நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனாள். கோட்டைப் படத்தின் முன்னால் நின்று, அகழித் தண்ணீர் சுவரைவிட உயரத்தில் நிற்கிறதே, வழிந்துவிடாதா என்று கேட்டாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துப் படக்காப்பாளர் சிரித்துவைத்தாள்.

பக்கங்களை அமைக்கும் லேஅவுட்காரர் ஒரு மாதம் முன்புதான் வேலைக்குச் சேர்ந்தவர். குடிக்கத் தண்ணீர் எங்கே என்று அவசரம் கேட்டதற்கு, வெளியே போய்க் கிழக்கே திரும்பினால் வடக்குச் சுவரில் குழாய் இருக்கிறது என்றார். திசை தெரியாமல் இரண்டு மாடி அலைந்துவிட்டு வந்தவன், அந்தக் கடுப்பில், பக்கம் அமைக்க எடுத்துக் கொடுத்த படம் ஒரு மணி நேரம் இவர் கையில்தானே இருந்தது, மாற்றியது இவர்தான் என்று போட்டு உடைத்தான். பாவம், அந்த மனுஷருக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், இதற்கு முன் எங்கே வேலை என்று. மேப் வரையும் ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் என்றார் அவர்.

மூன்று மணிக்கு அண்ணனையும் பதிப்பாளரையும் வரச்சொல்லி, எல்லாரையும் மேஜையைச் சுற்றி நிற்கவைத்தாள்.

"கையெழுத்து உங்களோடதுதான்," என்றாள் அண்ணனிடம். "அப்ப படமும் உங்களோடதுதான். பூட்டு உடையல, சாவி மாறல. மாறினது படம் இல்லைங்க, அதை வச்ச விதம்."

சொல்லிவிட்டு ப்ரூஃபைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். பள்ளம் அப்படியே புடைத்துக்கொண்டு மேடாக எழுந்தது.

"வெளிச்சம் எப்பவும் மேலேருந்துதான் வரும்னு நம்ம கண்ணுக்கு ஒரு நம்பிக்கை. நிழல் படத்தோட கீழ்ப்பக்கம் விழுந்தா மேடு மேடாத் தெரியும். மேல்பக்கம் விழுந்தா மேடு பள்ளமாயிடும், பள்ளம் மேடாயிடும். கோட்டையில தண்ணி சுவருக்கு மேல நின்னதும் அப்படித்தான். இதெல்லாம் எடுத்த இடத்துல சூரியன் தெற்கே சாஞ்சு அடிக்குது, நிழல் வடக்கே போகுது. இவர் உங்க அம்புக்குறியைப் பாத்து வடக்கை மேலே வச்சிருக்கார்."

"வடக்கு மேலதானே இருக்கணும்?" என்றார் லேஅவுட்காரர், உண்மையிலேயே புரியாமல்.

"மேப்புல இருக்கணும். நீங்க தப்பு பண்ணல, பழக்கத்தை விடல, அவ்வளவுதான். இந்தம்மாவும் ஒரிஜினலை ப்ரூஃப் மாதிரியே திருப்பிவச்சுத்தான் ஒப்பிட்டுப் பாத்தாங்க. பள்ளமாத் தெரியாம என்ன செய்யும்?"

பதிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இப்படி வைத்த நான்கு பக்கங்களைத் திருப்ப ஒரு மணி நேரம் போதும் என்று லேஅவுட்காரர் ஓடினார். அவசரம் பின்னாலேயே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேஜையருகே அண்ணனும் தங்கையும் நின்றார்கள். அவன் படத்தை மேடாக்கிப் பள்ளமாக்கி மறுபடி மேடாக்கிக்கொண்டிருந்தான்.

"நாலு நாளா ஏன்டா என்கிட்ட நேர்ல கேக்கல?" என்றாள் அவள்.

"ஆமா தொலைச்சிட்டேன்னு நீ சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்."

"தொலைச்சிருந்தா மொதல்ல உன்கிட்டதான் வந்து அழுதிருப்பேன்."

அவன் படத்தை அவள் கையில் கொடுத்தான். அண்ணி அவசரத்தின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். அவனும் அன்றைக்கு ஒருநாள் அவசரப்படாமல் கூடவே நடந்தான்.