கண் மூடிய படங்கள்

மறுநாள் காலை ஆலயத்தில் அம்மாவுக்காக நினைவு ஆராதனை. மேசையில் வைக்கக் கண்ணாடிச் சட்டம் வந்துவிட்டது. அதற்குள் வைக்க அம்மாவின் படம்தான் இல்லை.

ஊரையே படம் எடுத்தவள் அம்மா. அவளை ஒரு படம் எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடையாள அட்டைப் படம் மட்டும் இருந்தது.

"இதுல அம்மா யாரையோ திட்டப்போற மாதிரி இருக்காங்கப்பா," என்றாள் பட்டாணி.

"என்னைத்தான்," என்றார் அப்பா. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "சட்டத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்மா."

பட்டாணி அம்மாவின் வேலை அறைக்குப் போனாள். ஆணியில் கேமராப் பை தொங்கியது. அதைப் பார்க்காமல் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த பிஸ்கட் டப்பாவை இழுத்தாள். அதில் எல்லாம் கெட்டுப்போன படங்கள்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். பொத்தானை அழுத்துமுன், எதிரில் நிற்பவருக்காக ஜெபிப்பாள். "ஆண்டவரே" என்று காதில் விழுந்ததுமே நிற்பவர் கண்ணை மூடிவிடுவார். ஆமென் சொல்லும்போதே அம்மா விரல் பொத்தானை அழுத்திவிடும்.

"படம் எடுக்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?" என்று செல்லமாகத் திட்டிவிட்டு, மறுபடி எடுப்பாள். முதல் படத்தை மட்டும் தூக்கிப் போடமாட்டாள்.

"ஜெபம் பண்ணின படத்தை எப்படிடி கிழிக்கிறது?" என்பாள்.

பட்டாணி டப்பாவை அப்பாவின் மடியில் வைத்தாள். "அம்மா படம் இல்லாட்டி என்னப்பா? அவங்க பண்ணின ஜெபமெல்லாம் இதுல இருக்கே. கோயில்ல கயிறு கட்டி மாட்டலாமா?"

அப்பா எழுந்து கயிறு தேடப் போனார்.

காலையில் வந்தவர்கள் சுவரோரம் தங்கள் முகங்களைத் தேடினார்கள்.

"எனக்குக் கண் ஆபரேஷன்னதும் அவதான் அழுது ஜெபிச்சா," என்றார் தையல்கார அத்தை.

"என் ரெட்டைத் தாடைக்கும் சேத்து வேண்டிக்கிட்டாங்க," என்றார் பஸ் ஓட்டும் மாமா. "அது மட்டும் பலிக்கல." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

கயிற்றின் கடைசியில் அப்பாவின் படம். கண்கள் நன்றாகத் திறந்திருந்தன.

"நீங்க ஏன்பா கண்ண மூடல?"

"ஜெபம் பண்றப்ப அம்மா முகம் எப்படி இருக்கும் தெரியுமா? அதைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். 'ஜெபத்துல கண்ணைத் தொறந்தீங்கல்ல, இதுவும் கெட்ட படம்தான்'னு டப்பால போட்டுட்டா."

பட்டாணி அதைக் கழற்றிச் சட்டத்துக்குள் வைத்தாள்.

"உயிரோட இருக்கறவன் படத்தையா வைக்கிறே?"

"இதுல நீங்க அம்மாவைத்தானேப்பா பாக்கறீங்க."

அப்பா சட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார். போதகர் வந்தார். சட்டத்தைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயைத் திறந்தார். பட்டாணியைப் பார்த்ததும் கேட்காமலேயே ஜெபத்தைத் தொடங்கினார்.

இந்த முறை அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பட்டாணி மூடவில்லை. அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.