பாலத்தடிக் கங்குன் கீரை

"ஓடுற தண்ணி புள்ள. நிறம் மாறல்ல, மணம் மாறல்ல, ருசி மாறல்ல. பிறகென்ன?"

உம்மா இதைச் சொன்னது இன்றைக்கு மட்டும் மூன்றாவது தடவை. ஆதிலா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு குசினி வாசலில் குந்தினாள்.

உம்மா சுல்பிகாவின் முன்னால் ஒரு கட்டுக் கங்குன் கீரை கிடந்தது. பாலத்தடியில் பறித்தது. மாவடிப்பள்ளி வயல்களிலிருந்து இறங்கும் தண்ணீர் அந்த ஆற்றில்தான் சேருகிறது. கரை முழுக்கக் கங்குன். விரல் மொத்தத் தண்டு, பளபளவென்ற இலை. பார்த்தால் யாருக்கும் பறிக்கத்தான் தோன்றும். அதுதான் தொல்லை.

"உம்மா, அது ஒழு எடுக்கிற தண்ணிக்குச் சொன்ன சட்டம். கீரைக்குச் சொன்னதில்ல."

"தொழப் போறதுக்கு முன்னம் கைகால் கழுவுறதுக்கே அந்தத் தண்ணி சுத்தம் என்டா, அதுல முளைக்கிற கீரை மட்டும் ஊத்தையா? எனக்கு மார்க்கம் படிப்பிக்க வாறா இவ. நோன்போட என்னக் கத்த வைக்காத மகள்."

விசயம் இதுதான். பாலத்தடியில் றஸாக் மாமாவின் பற்றரிக் கடை இருந்தது. உழவு மெசின்களின் செத்துப்போன பற்றரிகளை அவர் வாங்கி உடைப்பார். உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கி, கடலுக்குப் போகிறவர்களின் வலை தண்ணீரில் தாழ்வதற்குக் குண்டு ஊற்றிக் கொடுப்பார். நல்ல தொழில்காரர். ஆனால் பற்றரிக்குள் இருக்கும் அசிட் தண்ணீரையும் கறுப்புச் சேற்றையும் வாளியோடு ஆற்றில் கவிழ்த்துவிடுவார். ஆதிலா அதைக் கண்ணால் கண்டிருக்கிறாள்.

நோன்பு லீவு விடுவதற்கு முன் விஞ்ஞானப் பாடத்தில் யதுசா டீச்சர் சொன்னார். ஈயம் தண்ணீரில் கலந்தால் நிறத்தில் தெரியாது, மணக்காது, ருசியிலும் தெரியாது. கீரை அதை வேரால் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்தக் கீரையைத் தின்கிற சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் கெடுக்கும்.

ஆதிலா வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தான். தம்பி பர்ஸான், மூன்று வயது. மீன் தின்னமாட்டான். முட்டையைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்வான். கங்குனை நறுக்கி வதக்கிய சுண்டல் என்றால் மட்டும் சோறு மளமளவென்று இறங்கும்.

"டேய், உனக்கு வேற ஒன்டுமே பிடிக்காதா?" என்று அவனிடமே கேட்டுப் பார்த்தாள்.

"கீரை," என்றான் அவன்.

வாப்பாவிடம் சொன்னாள். அவரும் நிறம், மணம், ருசி என்று மூன்று விரலை மடக்கிக் காட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். றஸாக் மாமாவிடமே போய்ச் சொன்னாள். "ஓடுற தண்ணி புள்ள, எல்லாம் கடலுக்குப் போயிடும்," என்றார் அவர். நேற்றுக் கீரைக் கட்டை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். உம்மா தேடி எடுத்துவிட்டு, "ஆக்கள் மிட்டாயத்தான் ஒளிப்பாங்க. கங்குன ஒளிக்கிற புள்ளய இப்பதான் காணுறன்," என்றார்.

சொல்லிச் சொல்லி ஆதிலாவுக்கு வாய் வலித்தது. இந்த ஊரில் பெரியவர்களுக்குக் காது எதற்கு இருக்கிறது என்றே அவளுக்கு விளங்கவில்லை.

நோன்பு திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நோன்பு மாதத்தில் ஒரு வீட்டில் எதை ஆக்கினாலும் ஒரு பீங்கான் பக்கத்து வீட்டுக்கும் போகும். உம்மா சுண்டலை ஒரு பீங்கானில் போட்டு, இன்னொன்றால் மூடினார்.

"மைமூனா மாமிட்டக் குடுத்துட்டு வா. பாங்கு சொல்றதுக்குள்ள வந்துரணும்."

மைமூனா மாமி என்பவர் றஸாக் மாமாவின் மனைவிதான்.

ஆதிலா பீங்கானோடு ஒழுங்கையில் நடந்தாள். இதை ஓரத்துக் கழிவுநீர்க் கானில் கொட்டலாமா? கோழி தின்னும். திருப்பிக் கொண்டுபோகலாமா? உம்மா மறுபடியும் அனுப்புவார். சொல்லாமல் கொடுக்கலாமா? அந்த வீட்டிலும் நாலு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறதே.

கொடுப்போம், எங்கே பறித்தது என்பதையும் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தாள்.

றஸாக் மாமா பாயில் இருந்தார். முன்னால் கஞ்சியும் ஈத்தம்பழமும் இருந்தன. மகள் அம்ஹா அவர் மடியில். மைமூனா மாமி பீங்கானை வாங்கித் திறந்தார்.

"கங்குன் சுண்டல் மாமி. உம்மா தந்தா. மாமாட கடைக்கு நேர கீழ பறிச்ச. அந்த வாளி கவுக்கிற இடத்துல."

அம்ஹா ஒரு பிடி அள்ளினாள். றஸாக் மாமா சட்டென்று அவள் கையைப் பிடித்து உதறிவிட்டார்.

"தின்னாத."

"ஏன்?" என்று மாமி கேட்டார்.

"நோன்பு திறக்கல்லதானே."

"நாலு வயசுப் புள்ளைக்கு என்ன நோன்பு? பகல் முழுக்கத் தின்டுட்டுத்தான் இருந்தா."

றஸாக் மாமா பீங்கானை மகளுக்கு எட்டாமல் தள்ளி வைத்தார். ஆதிலா அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஓடுற தண்ணிதானே மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். "நிறம் மாறல்ல, மணம்..."

"போதும் புள்ள."

மைமூனா மாமி இடுப்பில் கையை வைத்தார். "கடையில இருந்து வந்தா மூனு தரம் சவுக்காரம் போட்டுக் கை கழுவாமப் புள்ளயத் தூக்கமாட்டீங்க. கடையில உடுத்த சாரத்த வாசலுக்கு வெளியில கழட்டுவீங்க. அப்ப உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஊத்தி இரிக்கீங்க."

"கடலுக்குப் போயிடும் என்டுதான் நினைச்சன்."

"தண்ணி போகும் மாமா," என்றாள் ஆதிலா. "கங்குன் போகாதே. அது வேர் விட்டு அங்கயே நிக்குது."

றஸாக் மாமா அம்ஹாவை மடியிலிருந்து இறக்கிவிட்டார். பிறகு கேட்டார்: "உம்மா எங்க?"

"பர்ஸானுக்குச் சோறு தீத்துறா. இதே சுண்டலோட."

அவர் செருப்புக்கூடப் போடவில்லை. ஆதிலா ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

உம்மா முற்றத்தில் குந்தியிருந்து பர்ஸானுக்குக் கவளம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ராத்தா, அந்தக் கீரையக் குடுக்காதீங்க," என்றார் றஸாக் மாமா.

"ஏன் தம்பி?"

"பாலத்தடிக் கீரை சரியில்ல ராத்தா."

"நீங்களுமா? ஓடுற தண்ணி தம்பி. நிறம் மாறல்ல..."

"ராத்தா, நான் சொல்றதக் கேளுங்க."

"மணம் மாறல்ல..."

றஸாக் மாமா இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். ஆதிலா சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். ஒரு கிழமையாக அவள் பட்ட பாட்டை இப்போது வேறொருவர் படுகிறார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"ராத்தா, அதுல ஊத்துறவன் நான்," என்றார் அவர். "பற்றரிக்குள்ள இரிக்கிற ஈயச் சேறு. அது நஞ்சு. என்ட புள்ள கையில இருந்து இப்பதான் தட்டிவிட்டுட்டு வாறன்."

உம்மாவின் கை பாதி வழியில் நின்றது. பர்ஸான் வாயைத் திறந்தபடி கவளத்துக்காகக் காத்திருந்தான்.

உம்மா கவளத்தைக் கோப்பையில் போட்டார். பர்ஸானைத் தூக்கிக்கொண்டு போய் வாயைக் கழுவினார். திரும்பவும் கழுவினார். அவன் வீரிட்டு அழுதான். உம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"இந்தப் புள்ள ஒரு கிழமையா என்ட காலைச் சுத்திச் சுத்திச் சொல்லிச்சே," என்றார்.

பிறகு றஸாக் மாமாவைப் பார்த்தார். "நாளைக்கும் ஊத்துவீங்களா?"

"இல்ல ராத்தா. இனி உடைக்கிறதில்ல. பழைய பற்றரி எடுக்க அக்கரைப்பற்றுல இருந்து லொறி வரும். முழுசா அதுலயே ஏத்திருவன். குண்டு ஊத்துற வேலை போனாப் போகட்டும்."

"முளைச்சு நிக்கிற கீரை?" என்று கேட்டாள் ஆதிலா. "நாளைக்கு வேற ஆக்கள் வந்து பறிப்பாங்க. மாடும் திங்கும்."

றஸாக் மாமா கண்ணை மூடிக்கொண்டார். அப்போது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

அடுத்த நாள் காலையில் உம்மா பர்ஸானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் இரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வரட்டும், கீரையை நிறுத்தியதுதான் முதல் மருந்து என்றார். பர்ஸானுக்கு ஊசி பிடிக்கவில்லை. டொக்டரையும் பிடிக்கவில்லை.

அதே நேரம் றஸாக் மாமா பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கங்குனை வேரோடு பிடுங்கி, மாடு தின்னாதபடி சாக்குக்குள் திணித்து வாயைக் கட்டினார். ஆதிலா கரையில் நின்றாள். பத்து மணி வெயிலில் அவருக்கு நாக்கு வறண்டது.

"நாலு சாக்கு நிறைஞ்சிட்டு," என்றார். "போதுமா புள்ள?"

ஆதிலா கரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தாள்.

"பாலத்துத் தூணுக்குப் பின்னால இன்னும் கிடக்கு மாமா."

றஸாக் மாமா தூணைப் பார்த்தார். ஆதிலாவைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, ஐந்தாவது சாக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினார்.