செம்பகப் பால்

பூபதிராஜாவின் வலது மணிக்கட்டில் நான்கு சிவப்புக் கோடுகள் இருந்தன. காலையில் உடம்பு துடைத்தபோது அவை இல்லை. செல்வப்பிரியா கணவரின் கையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். தோல் தடித்திருந்தது, ஓரத்தில் பிசுபிசுவென்று பால் காய்ந்திருந்தது.

அது ஜன்னலுக்கு வெளியே நிற்கிற செடியின் பால். கிளை ஒடிந்தால் வழியும், பட்ட இடம் இரண்டு நாள் அரிக்கும். ஆனால் பக்கவாதம் வந்த இந்த ஏழு மாதத்தில் அந்த வலது கை ஒரு விரலைக்கூட அசைத்ததில்லை. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். பேச்சும் போய்விட்டது.

செண்பக வாசனை என்றால் அவருக்கு உயிர். கிடையாய்க் கிடக்கிற மனுஷனுக்கு அதையாவது கொடுப்போமே என்றுதான் சித்தூர் ரோட்டு நர்சரியில் போய்க் கேட்டாள். மலையாளத்துக்காரர் “செம்பகமோ?” என்றார், இவளும் தலையாட்டி வைத்தாள். இலையில்லாத தடிக்கம்பு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பூத்தபோது வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், செண்பகமே இல்லை; மலையாளத்தில் ஈழத்தலரிக்குத்தான் செம்பகம் என்று பேராம். பிடுங்கிப் போடத்தான் தெம்பில்லை. கஞ்சி ஊட்டி, மூத்திரப்பை மாற்றி, இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பவளுக்குத் தன் தலையை வாரிக்கொள்ளவே சலிப்பாக இருந்தது. வாசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

மதியம், படுக்கை நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ் சித்ரா வந்ததும் செல்வப்பிரியா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சிஸ்டர், கை அசையுதுங்க! செடியப் புடிச்சிருக்காரு, பாருங்க!”

சித்ரா ஊசி நுனியால் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தாள். எதுவுமில்லை.

“இல்ல சேச்சி. இந்தக் கைல ஜீவனில்ல.”

மணிக்கட்டைத் திருப்பினாள். மேலே நான்கு கோடு, அடியில் தடிமனாய் ஒன்று. ஜன்னலை எட்டிப் பார்த்தவள் முகம் வெளிறியது.

“இது எங்க சர்ச் சிமித்தேரில, கல்லறைங்களுக்கு நடுவுல நிக்கற செம்பகமாச்சே. கம்ப எவன் எங்கிருந்து ஒடிச்சானோ.” பையை மூடிக்கொண்டே சொன்னாள், “இது சேட்டன் புடிச்சதில்ல சேச்சி. சேட்டனைப் புடிச்சது.”

அவள் போன பிறகு கணவாய்க் காற்று கூரை ஓடுகளைத் தடதடக்க வைத்தது. தென்னை மட்டைகளின் சலசலப்புக்கும் சூடான மண்வாசத்துக்கும் நடுவே அந்தப் பூவின் மணம் மட்டும் தொண்டை கமறும்படி அறைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. செல்வப்பிரியா ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டாள். சிவப்புத் தரையில் கட்டில் கால் இழுபட்ட தடம் தெரிந்தது. கட்டிலை எதிர்ச் சுவரோரம் தள்ளிவிட்டு, செடியை வெட்டக் கொடுவாளைத் தேடிச் சமையலறைக்குப் போனாள். அரிசி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அடுப்பைத் தணித்தாள்.

கிறீச்.

ஓடிவந்தாள். ஜன்னல் திறந்து கிடந்தது. கட்டில் ஜன்னல் கம்பியோடு ஒட்டி நின்றது. அவருடைய வலது கை கம்பிகளுக்கு வெளியே தோள்வரை போயிருந்தது.

“ஐயோ, ஏனுங்க!”

இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். அங்கிருந்தும் இழுத்தது. வெளியே யாருமில்லை. மொட்டைக் கிளைகள்தான். பால் சொட்டும் சத்தம். மறுபடி இழுத்தாள். தோள் கடகடத்தது. அவள் முதுகு விண்டுவிடும் போலிருந்தது. ஏழு மாதத்து அலுப்பு முழுக்க முழங்கைக்கு வந்து நின்றது.

அவர் வாய் கோணித் திறந்தது.

“உடு.”

ஏழு மாதத்தில் முதல் சொல். அவள் அழுதேவிட்டாள். என்னையா? என்னைத்தான் சொல்கிறாரா? போதும் என்கிறாரா? அவளுக்கும் போதும் போதுமென்றுதான் இருந்தது.

பிடியை விட்டாள்.

வெளியே நீண்ட கை கீழே விழவில்லை. அந்தரத்தில் நீட்டியபடியே நின்றது. பிறகு மெல்ல இன்னும் நீண்டது. உள்ளே, அவருடைய இடது கை மெத்தையெல்லாம் துழாவித் துழாவி அவள் கையைத் தேடிக்கொண்டிருந்தது.